அறுபத்திரண்டாவது நாணயம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டைட்டன் குடியிருப்பில் யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. வீட்டிலுள்ள உலோகச் சாமான்களையெல்லாம் வாசலில் பரப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று, உலோக அலுவலர் வந்ததும் வாயை ஆவென்று திறந்து காட்ட வேண்டும். கடைவாய்ப் பல்லில் அடைத்திருக்கும் உலோகமும் ஊர்ச் சொத்துதான். போன வாரம் இருந்த அடைப்பு இந்த வாரம் காணோமென்றால் எங்கே போயிற்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை. பல் தேய்ப்பதைப் போலப் பழகிப்போன காரியம்.

சனிக் கோளைச் சுற்றும் டைட்டனில் எரிபொருள் ஏரி ஏரியாகக் கிடக்கிறது. தண்ணீர், பனிக்கட்டி மலைகளாக நிற்கிறது. உலோகம்தான் இல்லை. இருப்பதெல்லாம் பல நூறு கிலோமீட்டர் பனிக்கு அடியில், யார் கைக்கும் எட்டாத ஆழத்தில். ஒரு குழாயின் திருகாணி தேய்ந்துபோனால் பூமியிலிருந்து வந்த ஏதாவது ஒரு பொருளை உருக்கித்தான் புதிய திருகாணி செய்தாக வேண்டும். அங்கிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கரண்டிகளும் வளையல்களும் சாவிக்கொத்துகளும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திருகாணிகளாகிவிட்டன.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மனிதன் என்றால் அவனோடு கொஞ்சம் பைத்தியக்காரத்தனமும் சேர்ந்தே வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 'முழுத்தொகுப்புச் சட்டம்' என்று ஒன்று போட்டார்கள். ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு முழுமையானதாக இருந்தால் அது மரபுச் செல்வம். யாரும் தொட முடியாது. ஒன்று குறைந்தாலும் அது வெறும் உலோகம். உலைக்குப் போக வேண்டியதுதான். பாதிக் கிணறு தாண்டியவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் என்று ஒன்று இருந்தால் சந்து என்று ஒன்று இருக்காதா? ஊர்த்தலைவர் ஞானதுரை தன் பித்தளைத் தம்ளரை வாசலில் வைத்து, "இது என் மாமனார் வீட்டுச் சீதனத் தம்ளர்களின் முழுத்தொகுப்பு, மொத்தம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார். உலோக அலுவலர் இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுமதித்தார். அதற்குப் பிறகு ஊரில் ஆளுக்கொரு ஒற்றைப் பொருள் தொகுப்பு முளைக்கவே, சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. எது முழுமை என்பதை வைத்திருப்பவர் சொல்லக் கூடாது. வெளியார் யாராவது அச்சிட்ட பட்டியல் சொல்ல வேண்டும்.

உலோக அலுவலர் மனிதர் அல்லர். இடுப்பளவு உயரத்தில், பிசினால் செய்த நான்கு கால்களோடு ஊர்ந்து வரும் இயந்திரம். ஒரு கையால் தொட்டாலே எந்த உலோகம், எவ்வளவு எடை என்று சொல்லிவிடும். ஊர் அதற்கு 'உரைகல்' என்று பெயர் வைத்திருந்தது. புத்தகத் தமிழில்தான் பேசும். பொய் சொல்லாது. ஆறுதலும் சொல்லாது.

அந்தத் திங்கட்கிழமை உரைகல் மங்கையர்க்கரசியின் வாசலுக்கு வந்தபோது மணி ஏழு இருபது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வடிகட்டிக் கூடத்தில் வேலை. தூத்துக்குடிக்காரி. வாசலில் அவள் வைத்திருந்தது ஒரு துணிப்பெட்டி மட்டும்தான். அதற்குள் அறுபத்தோரு வெள்ளி நாணயங்கள், ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள்.

அவை நினைவு நாணயங்கள். பூமியில் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் வழக்கம் ஒழிந்த பிறகும் நாணயச்சாலைகளை மூட எந்த அரசாங்கத்துக்கும் மனம் வரவில்லை. நினைவுக்காக மட்டும் அடித்தார்கள். ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. எதை மறக்கப்போகிறோமோ அதற்கு ஒரு நாணயம் அடித்துவிட்டு நிம்மதியாக மறந்துவிடுவது அரசாங்கங்களின் பழைய வழக்கம்தான். கடலுக்குள் போன துறைமுகத்தின் நினைவாக ஒன்று. கடைசிப் பெட்ரோல் வண்டியின் நினைவாக ஒன்று. ஒரு வருடம் முழுக்கப் பெய்யாமலே போன வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்று. அதில் குடை ஒன்று அழகாகச் செதுக்கப்பட்டிருந்தது.

மங்கையர்க்கரசியின் மகள் கார்குழலிக்கு ஆறு வயதாக இருந்தபோது தாயும் மகளும் சேர்ந்து தொடங்கிய தொகுப்பு அது. புதிய நாணயம் வெளியாகும் நாளில் இருவரும் தலைமை அஞ்சலகத்து வாசலில் முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். பழையவற்றைத் தேடிப் பிடிக்க வெயிலில் அலைந்தார்கள். அறுபத்தொன்றில் நாற்பத்தெட்டு அப்படிச் சேர்ந்தவை.

டைட்டனுக்குப் புறப்பட்ட அன்று கார்குழலிக்குப் பதினேழு வயது. அழமாட்டேன் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றவள், கடைசி நிமிடத்தில் பெட்டியைத் தாயின் கையில் திணித்தாள்.

"எல்லாத்தையும் நீயே கொண்டு போ. புதுசு வர வர நான் அனுப்புதேன். உன் பெட்டியில ஒண்ணுகூடக் குறையாம இருக்குற வரைக்கும் நான் உன்ன மறக்கலன்னு அர்த்தம். சரியா?"

"பன்னெண்டே வருசம்ளா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

சொந்தச் சாமான்களுக்கென்று ஒவ்வொருவருக்கும் கொடுத்த எடை இரண்டு கிலோ. அதில் பாதிக்கு மேல் நாணயங்களுக்கே போய்விட்டதால், மங்கையர்க்கரசி சேலையில்லாமல்தான் சனிக் கோளுக்குப் போனாள்.

பன்னிரண்டு ஆண்டு முடிந்தது. திருப்பிக் கூட்டிப்போக வர வேண்டிய கப்பல் வரவில்லை. குடியிருப்பு ஒரு மனு அனுப்பியது. பிறகு இன்னொன்று. மொத்தம் பதினொரு மனுக்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றுகூட ஒரு வரி வரவில்லை. டைட்டனின் வானம் எப்போதும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். அங்கே நட்சத்திரமே தெரியாது. பூமி எந்தப் பக்கம் இருக்கிறதென்று கணினியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று ஏங்கலாம். மங்கையர்க்கரசி அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறாள்.

ஆனால் சரக்குக் கூடு வருடத்துக்கு ஒருமுறை தானாக வந்து இறங்கும். அதில் கார்குழலியின் உறை இருக்கும். முதலில் பத்துப் பக்கக் கடிதமும் நாணயமும். பிறகு இரண்டு பக்கமும் நாணயமும். பிறகு 'நலம். வேலை அதிகம். குழலி' என்று ஒரு துண்டுச் சீட்டும் நாணயமும். மின்மடல் பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. கடைசிக் கூடு வந்து இரண்டு வருடமாயிற்று. அதற்குப் பிறகு கூடும் இல்லை, மடலும் இல்லை, சீட்டும் இல்லை.

இந்த இரண்டு வருடமும் திங்கட்கிழமை தோறும் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உலைக்குப் போய்விடுமோ என்ற பயம் அதில் பாதிதான். பூமியில் புதிய நாணயம் வந்திருந்து, அது தன்னிடம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்பது மீதி.

உரைகல் நாணயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டது.

"அறுபத்திரண்டில் அறுபத்தொன்று இருக்கின்றன, அம்மையீர். ஒன்று குறைகிறது. தங்கள் தொகுப்பு முழுமையற்றது."

"மறந்துட்டா" என்ற ஒரு சொல்தான் மங்கையர்க்கரசியின் மனதில் ஓடியது. மற்றதெல்லாம் பின்னால்தான் வந்தது.

"நல்லாப் பாரு. அன்னைக்கும் இப்படித்தான் நட்சத்திரக் குறி போட்டது தனி, போடாதது தனின்னு சொல்லி என்ன நாலு மாசம் அலைய விட்ட."

உரைகல் சொன்னது உண்மைதான், அவள் சொன்னதும் உண்மைதான். ஒரே நாணயத்தை இரண்டு நாணயச்சாலைகள் அடிக்கும். ஒன்று தன் அடையாளமாக ஆண்டுக்குக் கீழே சின்ன நட்சத்திரம் பொறிக்கும். சாலைக்கு ஒன்று இருந்தால்தான் முழுமை என்பது ஒரு கட்சி. நிகழ்ச்சிக்கு ஒன்று போதும் என்பது மறு கட்சி. தப்பாக அச்சடித்ததும் சேர்ந்தால்தான் முழுமை என்று சாதிக்கிற மூன்றாவது கட்சியோடு பேசவே கூடாது. அந்த வழக்கில் ஊர்க்குழு நிகழ்ச்சிக்கு ஒன்று போதும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

"அந்த விதிப்படியே எண்ணினேன். நேற்றுப் பூமியிலிருந்து புதிய பட்டியல் வந்தது. அதில் ஒரு நிகழ்ச்சி கூடியிருக்கிறது" என்றது உரைகல்.

நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் பட்டியல் அது. மங்கையர்க்கரசி ஆயுள் சந்தா கட்டியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தானாக வந்துவிடும். அதை நிறுத்த வேண்டுமானால் சந்தாதாரரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

"என்ன நிகழ்ச்சி?"

"எண் அறுபத்திரண்டு. வெள்ளி. முகப்பில் அணைந்த விளக்கு. 'டைட்டன் குடியிருப்பில் உயிர்நீத்த முந்நூற்றுப் பன்னிரண்டு மாவீரர்களின் நினைவாக.' வெளியாகி ஓராண்டு பத்து மாதம் ஆகிறது. விளிம்பில் அனைவர் பெயரும் நுண்ணெழுத்தில் உள்ளன. தங்கள் பெயர் நூற்றெண்பத்தெட்டாவது."

மங்கையர்க்கரசி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உரைகல்லு, நான் உசிரோடதான இருக்கேன்?"

"அதைச் சரிபார்ப்பது என் துறை அல்ல, அம்மையீர். நான் உலோகம் மட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் மறக்கவில்லை. உலகத்தில் எந்த மகளாலும் வாங்கி அனுப்ப முடியாத நாணயம் அது ஒன்றுதான். அம்மா செத்ததற்கு அடித்த நாணயத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. உரைகல் பட்டியலின் அடிக்குறிப்பை வாசித்தது. 'ஓராண்டு முழுவதும் டைட்டனிலிருந்து எந்தச் செய்தியும் வராததால், குடியிருப்பில் ஒருவரும் உயிருடன் இல்லை என்று முடிவு செய்யப்பட்டு' என்று தொடங்கியது அது.

"செய்தி வரலையா? வாரம் தவறாம அனுப்புதோமே!" என்று கத்தினார் ஞானதுரை. "பலகையில பச்சை விளக்கு எரியுதுல்லா?"

பச்சை விளக்கு எரிந்தது உண்மைதான். செய்தி மேசையைவிட்டுப் போயிற்று என்பதற்கு அடையாளம் அது. டைட்டனைவிட்டுப் போயிற்று என்பதற்கு அல்ல. இரண்டு பேர் வெளியுடை மாட்டிக்கொண்டு அலைக்கோபுரத்தில் ஏறிப் பார்த்தார்கள். பூமியிலிருந்து வருவதைப் பிடிக்கும் 'வாங்கி' நன்றாக இருந்தது. இங்கிருந்து போவதைச் செலுத்தும் 'அனுப்பி'யின் தொடுவளையம் கருகிப்போய்க் கிடந்தது. கருகி மூன்று வருடம் இருக்கும்.

மூன்று வருடமாக ஒரு ஊரே ஊமையாகிக் கிடந்தது எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று? பூமிதான் எப்போதுமே பதில் சொல்வதில்லையே. அனுப்பி வேலை செய்த காலத்தில் கிடைத்த பதிலும், செய்யாத காலத்தில் கிடைத்த பதிலும் ஒன்றாகவே இருந்தன.

"அரசாங்கம் கிடக்கட்டும்" என்றாள் மங்கையர்க்கரசி. "வீட்டுல உள்ளவங்க? உங்க யாருக்குமே இந்த ரெண்டு வருசமா கடுதாசி வரலையா?"

அவள் அடுத்த வீட்டுப் பிலோமினாவைப் பார்த்தாள். மகன் வாராவாரம் மடல் போடுகிறான், பேத்திக்கு மூன்று பல் முளைத்துவிட்டது என்றெல்லாம் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் பிலோமினா.

"உனக்குப் பிலோமி?"

பிலோமினா முந்தானை இல்லாத உடையில் முந்தானையைத் தேடினாள். "வரல மங்க. ஒண்ணுகூட வரல. நீ உன் மக நேத்துப் பேசுனா, முந்தாநாள் பேசுனான்னு சொல்லும்போது எனக்கு மட்டும் வரலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"நான் சொன்னதும் பொய்தான்ளா."

பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். தன் பிள்ளைதான் தன்னை மறந்துவிட்டது, மற்றவர்கள் பிள்ளைகளெல்லாம் தங்கம் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஆளுக்கொரு கடிதத்தை இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒரே ஒருவர் வெட்கத்தை விட்டு 'எனக்கு வரவில்லை' என்று சொல்லியிருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே குட்டு உடைந்திருக்கும். தமிழன் எந்தக் கோளுக்குப் போனாலும் கௌரவத்தை எடையில்லாச் சாமானாகக் கட்டிக்கொண்டுதான் போவான்.

தொடுவளையம் செய்ய ஒரு கிலோ வெள்ளி வேண்டும். டைட்டனில் வெள்ளி இருந்தது ஒரே ஒரு துணிப்பெட்டியில்.

ஞானதுரைக்கு அவளை நேரே பார்க்கத் தயக்கமாக இருந்தது. "அக்கா, சட்டப்படி உங்க தொகுப்பு..." என்று இழுத்தார்.

"முழுசுதான்" என்றாள் மங்கையர்க்கரசி சட்டென்று. "அந்த அறுபத்திரண்டாவது காசு எதுக்கு அடிச்சாங்க? நாம செத்ததுக்கு. நாம செத்தோமா? இல்லல்லா. நடக்காததுக்கு அடிச்சது எப்படி நினைவுக் காசாகும்? அது கணக்குலயே சேராது. என் பெட்டி முழுசு."

கூட்டம் தலையாட்டியது. அவள் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் உரைகல் ஒத்துக்கொள்ளவில்லை.

"முழுமையைப் பட்டியல்தான் தீர்மானிக்கும். பட்டியலின்படி அந்த நாணயம் செல்லும். பூமி அதைத் திரும்பப் பெற்றால் தங்கள் தொகுப்பு முழுமை. திரும்பப் பெற வேண்டுமானால் நாம் உயிரோடிருப்பது பூமிக்குத் தெரிய வேண்டும்."

"தெரியப்படுத்த வேண்டியதுதான?"

"அதற்கு அனுப்பி வேண்டும். அனுப்பிக்கு வெள்ளி வேண்டும். தொகுப்பு முழுமையானதாக இருந்தால் நான் வெள்ளியை எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் பூமிக்குத் தெரியாது. தெரியாதவரை தொகுப்பு முழுமையற்றது. ஆகவே எடுக்கலாம்."

இரண்டு மணி நேரம் பேசினார்கள். செத்தவர்களின் சொத்துக்குச் சட்டம் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். தொகுப்பு முழுமை என்று இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நாளைக்கு உருக்கினால் என்ன என்றார் இன்னொருவர். மங்கையர்க்கரசி எதையும் கேட்கவில்லை. அவளுடைய கண்முன்னே கார்குழலி தூத்துக்குடியில் எங்கேயோ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருடம் பத்து மாதமாக அழுகிறாள். இங்கே தாய்க்காரி குத்துக்கல்லாட்டம் இருந்துகொண்டு, நாணயம் முழுசா குறையா என்று வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

அவள் எழுந்து, பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கிடுங்க தம்பி. முழுசோ குறையோ, உருக்குங்க. என் பிள்ளை அழக் கூடாது."

உறைகளிலிருந்து நாணயங்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். குடை செதுக்கிய நாணயத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அது வெளியான நாளில் அஞ்சலகத்து வாசலில் நின்றபோது கார்குழலிக்கு எட்டு வயது. மழையே இல்லாத வருடத்தில் குடை எதற்கு என்று கேட்டு அத்தனை பேரையும் சிரிக்க வைத்தாள். அதையும் கொடுத்துவிட்டாள். காலி உறைகளை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள்.

ஆறு நாளில் வளையம் தயாராயிற்று. 'நாங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்' என்ற செய்தி புறப்பட்டது. ஒளிவேகத்தில் போனாலும் பூமியை எட்ட எண்பது நிமிடம். பதில் வர இன்னொரு எண்பது. அந்த நூற்றறுபது நிமிடமும் கூடத்தில் யாரும் உட்காரவில்லை.

முதலில் வந்தது மனிதர் யாருடைய பதிலும் அல்ல. நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் பட்டியல் திருத்தம். 'எண் அறுபத்திரண்டு நீக்கப்படுகிறது. அறுபத்தொன்று உடையவர்கள் முழுத்தொகுப்பு உடையவர்கள்.' உரைகல் நான்கு காலாலும் விரைந்து மங்கையர்க்கரசியிடம் வந்தது.

"அம்மையீர், தங்கள் தொகுப்பு முழுமையானது. அதை உருக்கியது சட்டவிரோதம். என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, ஒரு முழுமைச் சான்றிதழையும் நீட்டியது. அவள் அதை வாங்கிக் காலி உறைகளோடு வைத்தாள்.

அதற்குப் பின்னால் கடிதங்கள் வந்தன. பூமியில் இறந்தவர்களுக்கென்று ஒரு நினைவுச்சுவர் இருந்தது; கல்லால் கட்டியதல்ல, கணினிக்குள். அவரவர் பெயருக்குக் கீழே யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகவரிக்காரர் உயிர்பெற்றுவிட்டதால், தேங்கிக் கிடந்ததையெல்லாம் அது தானாகவே டைட்டனுக்குத் தள்ளிவிட்டது. இனி எழுதப்படுவதும் உடனுக்குடன் வந்து சேரும் என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. மங்கையர்க்கரசிக்கு வந்தவை அறுநூற்று எழுபத்தேழு. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. ஒருநாள்கூடத் தவறவில்லை.

'அம்மா, இன்னைக்கு மீன் குழம்புல புளி கூடிப்போச்சு. நீ இருந்தப்ப ஒரு மடல் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கல பாரு.'

'அம்மா, அறுபத்திரண்டாவது காசு வாங்க அஞ்சலகத்துல முதல் ஆளா நின்னேன். என் முறை வந்ததும் வாங்காம திரும்பி வந்துட்டேன். அத வாங்குனா நீ செத்தத நான் ஒத்துக்கிட்ட மாதிரி. தொகுப்பு குறையாவே இருக்கட்டும்.'

'அம்மா, வேலை அதிகம்னு எழுதுவேன்ல? அப்படி ஒண்ணும் வேலை இல்ல. சோம்பேறித்தனம். உன்கிட்ட எப்ப வேணா பேசிக்கிடலாம்னு நெனச்சேன்.'

மங்கையர்க்கரசி அவற்றை ஒரே மூச்சில் படிக்கவில்லை. நாளொன்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு படித்தாள். மகளின் வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் என்பது முதற்கொண்டு அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் கிடைக்காத மகள் அந்த அறுநூற்றுச் சொச்சம் கடிதங்களில் இருந்தாள்.

உயிரோடிருக்கும் தாய்க்கு மகளின் முதல் மடல் அதே நாளில் வந்திருந்தது. 'அம்மா அம்மா அம்மா' என்று ஒரு பக்கம் முழுவதும் அதுதான். மறுநாள் நான்கு பக்கம். அடுத்த வாரம் ஒரு பக்கம். ஒரு மாதத்துக்குப் பிறகு ஐந்து வரி: 'அம்மா, நலம். இங்க கொஞ்சம் வேலை. ஞாயித்துக்கிழமை விரிவா எழுதுதேன். நீதான் இருக்கியே, இனி என்ன அவசரம்?'

அந்த ஞாயிறு போயிற்று. அதற்குப் பின்னால் ஐந்து ஞாயிறும் போயின.

இதற்கிடையில் அரசாங்கமும் பதில் எழுதிவிட்டது. பன்னிரண்டாவது மனு போடாமலே வந்த முதல் பதில். மாவீரர்களின் பூதவுடல்களைத் தாய்மண்ணுக்குக் கொண்டுவர, உலகம் முழுவதும் கண்ணீரோடு ஒன்றுகூடி ஒரு பெரிய கப்பலைக் கட்டி முடித்திருந்ததாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேழைகள். நான்கு மாதத்தில் புறப்பட இருந்ததாம். 'தாங்கள் உயிருடன் இருக்கும் மகிழ்ச்சியான செய்தி கிடைத்ததைத் தொடர்ந்து, அக்கப்பலின் பயணம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒப்புதல் பூதவுடல்களுக்கு மட்டுமே பெறப்பட்டது. உயிருள்ளவர்களை அழைத்து வருவது தொடர்பான தங்கள் பதினொரு மனுக்களும் உரிய வரிசையில் பரிசீலிக்கப்படும்.'

ஆறாவது ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் மங்கையர்க்கரசி அனுப்பி அறைக்குப் போனாள். ஞானதுரை தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"தம்பி, இந்த அனுப்பிய நிறுத்திப்போட முடியுமா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். எல்லாம் மனுக்கள். மேலே இருந்தது பிலோமினாவின் கையெழுத்து.

"முந்நூத்திப் பத்துப் பேர் கேட்டாச்சுக்கா. என்னோட முந்நூத்திப் பதினொண்ணு. கப்பல் அங்க கட்டி முடிச்சு நிக்கி. ஒரு வருசம் நாம வாயத் தொறக்காம இருந்தாப் போதும், மறுபடியும் செத்ததா அறிவிச்சிருவாங்க. கப்பல அனுப்பி வச்சிருவாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்டக் கேக்காம செய்யக் கூடாதுன்னுதான் இருந்தோம். வளையம் உங்க வெள்ளியில்லா? நீங்க சொன்னாத்தான்."

மங்கையர்க்கரசி கார்குழலியை நினைத்துப் பார்த்தாள். அழுவாள். சாப்பிட மாட்டாள். அஞ்சலகத்து வாசலில் போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவாள். இதையெல்லாம் செய்ய வைக்கிறவள் பெற்ற தாய்தானா என்று ஊர் கேட்டால் பதிலில்லை. ஆனால் எழுதுவாள். நாள் தவறாமல் எழுதுவாள்.

"நிறுத்துங்க தம்பி" என்றாள். எழுந்து கதவுவரை போனவள் திரும்பி நின்று சொன்னாள்: "வாங்கிய மட்டும் தொறந்தே வையுங்க."